ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷன் எங்கே பிறக்கிறது?

வீட்டில் பாட்டு கேட்க ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை. ஒன்று வாட்ஸ். மற்றொன்று டி.எச்.டி. என்று குறிக்கப்பட்ட ஒரு சதவீதம். வாட்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும், சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இது தவறான கணக்கல்ல, பாதிக் கணக்கு. 0.5 சதவீத டிஸ்டார்ஷன் உள்ள ஆம்ப்ளிஃபயர் காதுக்கு இதமாக இருக்கலாம். 0.1 சதவீதம் மட்டுமே உள்ள இன்னொன்று, அரை மணி நேரம் கேட்டதும் நிறுத்திவிடலாம் என்று தோன்ற வைக்கலாம். டிஸ்டார்ஷன் எவ்வளவு என்று சொல்லும் அந்த எண், அது எந்த வகை, எந்த ஒலி அளவில் தலைகாட்டுகிறது, எந்த அதிர்வெண்ணில் கூடுகிறது என்பதையெல்லாம் சொல்வதில்லை. காதுக்கு முக்கியமானவை இவைதான். ஆம்ப்ளிஃபயருக்குள் டிஸ்டார்ஷன் எங்கெங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகளை நாமே கேட்கலாம். பொறியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

பெருக்குவது யார்?

சி.டி. பிளேயரின் பின்புறத்திலிருந்து வரும் சிக்னல் அதிகம் போனால் 2 வோல்ட். ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு அதில் கரண்ட் கிடையாது. அந்த வேலைக்கு வேண்டிய மின்சாரம் வீட்டுப் பிளக்கிலிருந்து வருகிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் பவர் சப்ளை 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் மூலம் குறைத்து, டி.சி.யாக்கி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறது. 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் என்றால் பெரும்பாலும் பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட் என்று இரண்டு வரிசையாக இந்த மின்சாரம் காத்திருக்கும். உள்ளே வரும் சிறிய சிக்னல் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைக் கூடவும் குறையவும் திறந்து, தேங்கிய மின்சாரத்தைத் தன் வடிவத்திலேயே ஸ்பீக்கருக்குள் பாயவிடுகிறது. ஆகவே நாம் கேட்பது பவர் சப்ளையின் மின்சாரத்தைத்தான். அந்த மின்சாரம் சிக்னலின் வடிவத்தை எவ்வளவு நேர்மையாக எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் ஆம்ப்ளிஃபயரின் தரம் இருக்கிறது.

1956-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் எச். சி. லின் வெளியிட்ட ஒரு சுற்றமைப்பு, இன்றைக்கும் பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களின் மூதாதையாக இருக்கிறது. அந்த மரபில் மூன்று கட்டங்கள். முதல் கட்டம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒப்பிடுகிறது. இரண்டாவது கட்டம் வோல்டேஜைக் கூட்டுகிறது. மூன்றாவது கட்டம் ஸ்பீக்கருக்கு வேண்டிய கரண்ட்டைத் தருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் டிஸ்டார்ஷன் பிறக்கலாம். பெரும் தொல்லை மூன்றாவதில்.

டிஸ்டார்ஷனுக்குள் இருக்கும் ஸ்வரங்கள்

உள்ளே போகாத ஒன்று, சிக்னலைச் சார்ந்து வெளியே வந்தால் அது டிஸ்டார்ஷன். பாட்டே இல்லாதபோதும் கேட்கும் ‘உஸ்’ என்ற இரைச்சலும் ‘ம்ம்’ என்ற ஹம்மும் வேறு கணக்கு. டிஸ்டார்ஷன் பாட்டோடு வந்து பாட்டோடு போகும்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 240 ஹெர்ட்ஸில் ஒரு ஸட்ஜத்தைச் சுத்தமான சைன் அலையாக ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்புவோம். அலையின் வடிவம் சற்று நெளிந்தாலும், வெளியே 240-இன் மடங்குகளும் சேர்ந்து வரும். இவைதான் ஹார்மோனிக்குகள். 2-ஆம் ஹார்மோனிக் 480 ஹெர்ட்ஸ், அதாவது தார ஸட்ஜம். 3-ஆவது 720, அதற்கும் மேலுள்ள பஞ்சமம். 4-ஆவது மீண்டும் ஸட்ஜம். 5-ஆவது அந்தர காந்தாரம். இதுவரை எல்லாம் ஸ்ருதியோடு சேரும் ஸ்வரங்கள். தம்பூராவின் நாதத்திலேயே இவை தாராளமாக இருக்கின்றன. இவற்றில் கொஞ்சம் கூடினால் குரல் சற்றுத் தடித்ததுபோல, நிறைந்ததுபோலத் தோன்றும். குறை என்று காதில் படாது.

7-ஆவதுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 1680 ஹெர்ட்ஸ், கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, எந்த ஸ்வர ஸ்தானத்திலும் உட்காராத இடம். 11-ஆவது இரண்டு மத்யமங்களுக்கும் நடுவில் விழுகிறது. அதோடு, ஓர் ஒலி பலமாக ஒலிக்கும்போது அதன் அக்கம்பக்கத்து அதிர்வெண்களில் இருக்கும் மெல்லிய ஒலிகளைக் காது கவனிப்பதில்லை. 2, 3-ஆம் ஹார்மோனிக்குகள் மூல ஒலியின் அருகில் இருப்பதால் ஓரளவு மறைந்துகொள்கின்றன. 7, 9, 11 எல்லாம் தூரத்தில் தனியாக நிற்பதால் அளவில் சிறியவையாக இருந்தாலும் காதில் விழுகின்றன. பாட்டில் ஒரு கரகரப்பு, வயலினில் ஒரு உலோகக் கூர்மை, ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் ஒரு சீறல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த உயர் ஹார்மோனிக்குகளைத்தான்.

டி.எச்.டி. சதவீதம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. எல்லா ஹார்மோனிக்குகளையும் ஒரே எடையில் சேர்த்து, மூல ஒலியோடு ஒப்பிட்டு ஒரே எண்ணாக்கிவிடுகிறது. 1 சதவீதம் என்றால் சேர்ந்த குப்பை மூல ஒலிக்கு 40 டெசிபெல் கீழே, 0.1 என்றால் 60, 0.01 என்றால் 80 டெசிபெல் கீழே. இந்தக் கூட்டல் போதாது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1950-லேயே பி.பி.சி.யின் டி. இ. எல். ஷார்ட்டர், உயர் ஹார்மோனிக்குகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கூட்ட வேண்டும் என்று எழுதினார். அவர் சொன்ன முறையில் 2-ஆவதுக்கு 1 என்று எடை வைத்தால் 7-ஆவதுக்கு 12-க்கும் மேல் வரும். காதின் அனுபவத்துக்கு அது நெருக்கமான கணக்கு. தொழில்துறை எளிய கணக்கிலேயே நின்றுவிட்டது.

ஒரே ஸ்வரம் ஒலிக்கும்போதுதான் இவ்வளவும். பாட்டில் ஒரே நேரத்தில் நூறு அதிர்வெண்கள் ஒலிக்கின்றன. 5000, 5700 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் சேர்ந்து நுழைந்தால், நெளிவுள்ள ஆம்ப்ளிஃபயர் அவற்றின் வித்தியாசமான 700 ஹெர்ட்ஸையும், அதோடு 4300, 6400 போன்றவற்றையும் உண்டாக்கும். இது இன்டர்மாடுலேஷன். இந்தப் புது ஒலிகள் எந்த வாத்தியத்துக்கும் சொந்தமில்லை, எந்த ஸ்ருதியோடும் உறவில்லை. தனி வீணையைக் கேட்கும்போது தெளிவாக இருக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர், நாற்பது வயலின்கள் சேர்ந்து ஒலிக்கும்போது புகைமூட்டம் போட்டாற்போல ஆகிவிடுவதற்கு இது ஒரு காரணம். ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்க ஒற்றைக் குரல் பாட்டை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய குழுவாக வாசித்த பதிவு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

உச்சியில் நேரும் வெட்டு

8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட்ஸ் தர 20 வோல்ட் வேண்டும். அலையின் உச்சியில் அது 28 வோல்ட்டாக இருக்கும். சப்ளை 35 வோல்ட் என்றாலும் டிரான்சிஸ்டர்களில் சிறிது போகும். பலமான பேஸ் வரும்போது சப்ளையே சற்றுத் தாழும். ஆக 28-க்கு மேல் அதிக இடமில்லை. வால்யூமை இன்னும் கூட்டினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். வெட்டுப்பட்ட அலையில் உயர் ஹார்மோனிக்குகள் கூட்டமாக வரும்.

கிளிப்பிங்கைத் தவிர்க்க எவ்வளவு வாட்ஸ் வேண்டும்? சாதாரணமாக அறையில் கேட்கும் சத்தத்துக்கு ஸ்பீக்கர் எடுப்பது சராசரியாக 1 வாட் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் மிருதங்கத்தின் ஒரு சாப்பு சராசரியை விட 10 முதல் 20 டெசிபெல் மேலே எகிறும். 10 டெசிபெல் என்றால் 10 மடங்கு பவர், 20 டெசிபெல் என்றால் 100 மடங்கு. சராசரி 1 வாட்டில் ஓடும் பாட்டுக்கு அந்த ஒரு கணத்தில் 100 வாட்ஸ் தேவைப்படலாம். கையிருப்பு இல்லாத சின்ன ஆம்ப்ளிஃபயர் அங்கே வெட்டிவிடும். சிறிய ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகி ஓட்டும்போது ட்வீட்டர் கருகுவதும் இதையொட்டித்தான். உச்சிகள் வெட்டுப்பட்டுச் சராசரிப் பவர் ஏறுகிறது, மெல்லிய ட்வீட்டர் காயில் அதன் தாங்குசக்திக்கு மேல் சூடாகிறது.

நடுவில் நேரும் தடுமாற்றம்

கிளிப்பிங் சத்தமாக வைக்கும்போது வரும் தொல்லை. சத்தத்தைக் குறைத்தால் போய்விடும். அதைவிடப் பொல்லாதது, மெதுவாகக் கேட்கும்போது வரும் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்.

அவுட்புட்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக வேலை செய்கின்றன. அலையின் மேல் பாதியை ஒன்றும், கீழ்ப் பாதியை மற்றொன்றும் கவனிக்கின்றன. அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், தொடர் ஓட்டக்காரர்கள் கோலைக் கை மாற்றுவதுபோல, ஒன்று விட மற்றொன்று பிடிக்க வேண்டும். ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 0.6 வோல்ட் கிடைத்தால்தான் விழிக்கும். எந்த ஏற்பாடும் செய்யாமல் விட்டால் பிளஸ் 0.6-க்கும் மைனஸ் 0.6-க்கும் நடுவே இரண்டுமே தூங்கும்.

இதைக் கணக்காகப் பாருங்கள். 50 வாட்ஸில் ஓடும்போது உச்சி 28 வோல்ட், அதில் 0.6 வோல்ட் என்பது 2 சதவீதம்தான். இரவில் எல்லோரும் தூங்கியபின் மெல்லிய சத்தத்தில் கேட்கிறீர்கள், ஸ்பீக்கருக்குப் போவது 0.01 வாட் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமில் அது 0.28 வோல்ட், உச்சியில் 0.4 வோல்ட். முழு அலையுமே தூக்க எல்லைக்குள் விழுந்துவிடுகிறது. அப்படியே விட்டால் பாட்டே வராது. ஆலாபனை அடங்கும் இடமும், வீணைத் தந்தி மீட்டியபின் நாதம் கரையும் இடமும் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. டிஸ்டார்ஷன் முழுப் பவரில் சிறிய சதவீதமாகவும், மெல்லிய ஒலியில் பெரிய சதவீதமாகவும் இருப்பது கிராஸ்ஓவரின் குணம். குறிப்புத்தாளிலோ முழுப் பவருக்கான சதவீதம்தான் அச்சாகியிருக்கும்.

இதற்கு மருந்து பயாஸ். பாட்டு இல்லாதபோதும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் கொஞ்சம் கரண்ட் ஓடவிட்டு, இரண்டையும் விழித்த நிலையில் வைப்பது. எவ்வளவு கரண்ட் என்பதுதான் நுட்பம். குறைந்தால் நடுவில் பள்ளம் விழும். கூடினாலும் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்து வேறொரு நெளிவு வரும். டிரான்சிஸ்டர்களுக்குத் தொடராக உள்ள எமிட்டர் ரெசிஸ்டரில் 25 மில்லிவோல்ட் அளவுக்கு விழுமாறு வைப்பது நல்ல இடம் என்பது பழைய கணக்கு. அதைப் பிடித்து நிறுத்துவதும் எளிதல்ல. டிரான்சிஸ்டர் சூடாகும்போது, ஒவ்வொரு டிகிரிக்கும் அது விழிக்கத் தேவையான வோல்டேஜ் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். சூடு கரண்ட்டைக் கூட்டும், கரண்ட் சூட்டைக் கூட்டும், கவனிக்காவிட்டால் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். அதனால்தான் நல்ல ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால், பயாஸைக் கட்டுப்படுத்தும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று, போர்டில் இல்லாமல், பெரிய டிரான்சிஸ்டர்களோடு ஹீட்சிங்கிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைப்பது அதன் வேலை.

ஏ, பி, ஏபி, டி

கிளாஸ் என்று சொல்வதெல்லாம் இந்தக் கைமாற்றத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான். இரண்டு டிரான்சிஸ்டர்களும் எப்போதும் முழுமையாக விழித்திருந்தால் கிளாஸ் ஏ. கைமாற்றமே இல்லை, ஆகவே கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷனும் இல்லை. விலை மின்சாரத்திலும் சூட்டிலும். கோட்பாட்டின்படியே இதன் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு சேனலுக்கு 50 வாட்ஸ் வீதம் வேண்டுமென்றால், ஒரு பாட்டும் பாடாமல் சும்மா இருக்கும்போதே குறைந்தது 200 வாட்ஸைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் மட்டும் ஓடும் அறையில், கோடையில் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கிளாஸ் பி-யில் ஒன்று தூங்கிய பிறகுதான் மற்றொன்று விழிக்கும். திறன் 78 சதவீதம் வரை போகும், ஆனால் பள்ளத்தை எதிர்கொள்ள வேண்டும். கொஞ்சம் பயாஸ் கொடுத்து நடுவழியில் நிற்பது கிளாஸ் ஏபி. கடைகளில் கிடைக்கும் வழக்கமான ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை இந்த வகை.

கிளாஸ் டி வேறொரு வழி. இதில் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடியிருக்கும். அரைகுறைத் திறப்பு கிடையாது. வினாடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து அலையை உருவாக்குகின்றன. கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்புகளை வடிகட்டி ஒலியை மட்டும் அனுப்பும். திறன் 90 சதவீதத்தைத் தொடுவதால் சூடு குறைவு. தொடக்க காலத்தில் இதன் ட்ரெபிள் ஒலி பற்றிக் குறை சொல்லப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த வடிகட்டிக்குப் பின்னால் வெளியே போவதை யாரும் சரிபார்க்காமல் விட்டது. ஸ்பீக்கர் மாறினால் ஒலியும் மாறியது. 2000-களின் தொடக்கத்தில் பிலிப்ஸில் இருந்த புரூனோ புட்ஸெய்ஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் வடிகட்டிக்குப் பின்னாலிருந்தே ஃபீட்பேக்கை (இதைப் பற்றி அடுத்துப் பார்ப்போம்) எடுத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். இன்றைய தரமான கிளாஸ் டி மாட்யூல்கள் 0.001 சதவீதத்துக்கும் கீழே போகின்றன.

ஃபீட்பேக்: ஒரு படகுப் பயணத்தில் உதித்தது

எல்லா கிளாஸ்களிலும் வரும் சொல் ஃபீட்பேக். வெளியே போவதில் ஒரு சிறு பங்கை எடுத்துத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, உள்ளே வந்த சிக்னலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்துவது.

பெல் ஆய்வகத்தில் இருந்த ஹெரால்ட் பிளாக் தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளின் ஆம்ப்ளிஃபயர்களோடு போராடிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கண்டத்தைக் கடக்க வரிசையாகப் பல ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு டிஸ்டார்ஷனைச் சேர்த்தது. 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே அதை வரைந்தார். காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது.

பிளாக்கின் யோசனை இதுதான். தேவைக்கு மிக அதிகமாகப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைக் கட்டு, அந்த உபரியைச் செலவழித்து டிஸ்டார்ஷனைக் குறை. 10,000 மடங்கு பெருக்கக்கூடிய சுற்றை ஃபீட்பேக் மூலம் 20 மடங்காக இறக்கினால், பிழையும் 500 பங்கு குறையும். 2 சதவீதம் 0.004 ஆகும். 1947-இல் டி. டி. என். வில்லியம்சன் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட 15 வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிஃபயர், இந்த வழியில் 0.1 சதவீதத்தைத் தொட்டு, வீட்டு ஹை-ஃபைக்கு ஒரு அளவுகோலை வைத்தது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே போன சிக்னல் வெளியே வந்து திரும்ப நேரம் எடுக்கும். அதிர்வெண் கூடக்கூட இந்தத் தாமதம் பெரிதாகி, ஓர் எல்லையில் திருத்தம் தப்பான நேரத்தில் வந்து சேரும். ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும். எந்த எல்லை வரை பத்திரம் என்பதை 1932-இல் ஹாரி நைக்விஸ்ட் கணிதமாக்கினார். ஊளையிடாமல் இருக்க, உயர் அதிர்வெண்களில் பெருக்கும் திறனை வடிவமைப்பாளர் வேண்டுமென்றே குறைக்கிறார். அதாவது 1000 ஹெர்ட்ஸில் தாராளமாக இருக்கும் ஃபீட்பேக் 10,000, 20,000 ஹெர்ட்ஸில் வற்றிவிடுகிறது. கிராஸ்ஓவரால் வரும் உயர் ஹார்மோனிக்குகளோ அந்த வற்றிய பகுதியில்தான் விழுகின்றன. ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அளந்த டி.எச்.டி.யை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பெரும்பாலும் அந்த எண் 1000 ஹெர்ட்ஸில் எடுத்ததாக இருக்கும். ஆம்ப்ளிஃபயர் தன் நல்ல முகத்தைக் காட்டும் இடம் அது.

கிளிப்பிங்கிலும் ஃபீட்பேக் கைவிட்டுவிடும். சப்ளையில் இல்லாத வோல்டேஜை அதனால் வரவழைக்க முடியாது. எல்லை வரை சுத்தமாக வைத்திருந்து, எல்லையில் கூர்மையாக வெட்டும்.

1970-இல் ஃபின்லாந்தின் மத்தி ஒட்டலா, திடீரென எழும் ஒலிகளில் ஃபீட்பேக் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதல் கட்டம் திணறுகிறது, அப்போது தனி வகை டிஸ்டார்ஷன் வருகிறது என்று எழுதினார். அதைத் தொடர்ந்து ‘ஃபீட்பேக்கே கெடுதல்’ என்ற நம்பிக்கை ஹை-ஃபை உலகில் வேரூன்றியது. அவர் சுட்டிய கோளாறு உண்மையானது. ஆனால் அது வேகம் குறைந்த சுற்றின் கோளாறு. 50 வாட்ஸில் 20,000 ஹெர்ட்ஸைத் தரவே மைக்ரோ வினாடிக்கு 3.6 வோல்ட் வேகம் போதும். அதைப்போலப் பல மடங்கு வேகம் வைத்துச் சுற்றை அமைத்தால், தாராளமான ஃபீட்பேக்கோடு இந்தக் கோளாறு இல்லாமல் இருக்க முடியும் என்று பாப் கார்டல் 1980-இல் காட்டினார். அதற்குச் சற்று முன்பு பீட்டர் பாக்ஸண்டால் இன்னொன்றைத் தெளிவாக்கியிருந்தார். ஃபீட்பேக்கைக் கொஞ்சமாகக் கொடுத்தால் 2-ஆம் ஹார்மோனிக் குறையும், ஆனால் முன்பு இல்லாத உயர் ஹார்மோனிக்குகள் முளைக்கும். இன்னும் தாராளமாகக் கொடுத்தால் எல்லாமே சேர்ந்து இறங்கும். அரைகுறை ஃபீட்பேக்தான் ஆபத்து.

1993-இல் டக்ளஸ் செல்ஃப், ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷன் பிறக்கும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அளந்து, திருத்திக் கட்டுரைத் தொடராக எழுதினார். அதில் ஒரு இடம் நம்மூரில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி வீட்டில் பெட்டி கட்டும் பழக்கம் இன்றும் இருக்கிறது. நல்ல போர்டாக இருந்தும் ட்ரெபிள் கூர்மையாக உறுத்தினால், சப்ளை வயர்களைப் பாருங்கள். அந்த வயர்களில் ஓடுவது அரை அரை அலைகளாக வெட்டுண்ட கரண்ட். அதைச் சுற்றி எழும் காந்தப்புலம் உள்ளீட்டு வயரைத் தொட்டால், உயர் ஹார்மோனிக்குகள் நேராக முதல் கட்டத்துக்குள் நுழைந்துவிடும். பிளஸ், மைனஸ் வயர்களைச் சேர்த்து முறுக்கி, உள்ளீட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோனால் போதும். செலவில்லாத வைத்தியம்.

வால்வின் ‘இதம்’ எங்கிருந்து வருகிறது?

வால்வு ஆம்ப்ளிஃபயர் ரசிகர்கள் சொல்லும் இதத்துக்கு 2-ஆம் ஹார்மோனிக் ஒரு காரணம். முழுக் காரணம் இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரம் வெளியேறும் வழியில் அதன் சொந்தத் தடை, அதிகம், 2 ஓம் வரைகூட இருக்கும். ஸ்பீக்கரின் பெட்டியில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், அது சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கு இறங்கும், சிலவற்றில் 30 ஓமுக்கு ஏறும். இந்த இரண்டும் சேரும்போது 30 ஓம் உள்ள இடங்கள் 4 ஓம் உள்ள இடங்களைவிட ஏறத்தாழ 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். காதுக்கு நன்றாகத் தெரியும் மாற்றம் இது. டோன் கண்ட்ரோலை யாரோ திருகியதற்குச் சமம்.

1985-இல் பாப் கார்வர் இதை வெளிப்படையாகச் செய்துகாட்டினார். விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஒலியை, தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவருவேன் என்று ‘ஸ்டீரியோஃபைல்’ இதழிடம் சவால்விட்டு, ஹோட்டல் அறையில் உட்கார்ந்து மாற்றினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் வருவதைக் குறைத்துக்கொண்டே போவதுதான் அவர் முறை. இறுதியில் இதழின் செவிகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதத்தை விரும்புவதில் தவறே இல்லை. அது வால்வுக்குள் மட்டும் வாழும் மாயம் இல்லை, அளந்து உண்டாக்கக்கூடிய ஒன்று என்பதுதான் விஷயம்.

வாங்கும்போது என்ன கேட்பது?

வாட்ஸ் எண்ணோடு மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: எத்தனை ஓம், எந்த அதிர்வெண் வரம்பு, எத்தனை சதவீத டிஸ்டார்ஷன். அமெரிக்காவில் இப்படி எழுதுவதற்கு 1974-லேயே விதி வந்தது. நம்மூரிலோ பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் ஒட்டி டேப் ரெக்கார்டர்கள் விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணுக்கு எந்த அளவுமுறையும் கிடையாது. மக்களை ஏமாற்றிய எண் என்றே சொல்வேன். இன்றும் 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த வாட்ஸைப் பெட்டியில் போடுகிறார்கள். அது ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலை. சுத்தமான பவர் அதைவிடக் கால் பங்காவது குறைவாக இருக்கும்.

டி.எச்.டி. 1000 ஹெர்ட்ஸில் மட்டுமா, 20 முதல் 20,000 வரையா என்று பாருங்கள். முழுப் பவரில் மட்டுமா, 1 வாட்டிலும் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 1 வாட்டில், முழு வரம்பிலும் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், சதவீதத்தில் இன்னும் பூஜ்யம் தேடி அலைய வேண்டாம். ஸ்பீக்கர்கள் பேஸில் 1 சதவீதமும் அதற்கு மேலும் தாங்களே சேர்க்கின்றன. 0.005-க்கும் 0.0005-க்கும் நடுவே உள்ள விலை வித்தியாசம் ஸ்பீக்கருக்குப் போனால் பலன் கூடும்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் கேட்டு ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைச் சத்தமானது என்று காது உணராது, தெளிவானது என்று உணரும். காதால் சமன்செய்ய முடியாது. 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டிலும் வோல்டேஜ் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி வால்யூமை வையுங்கள். முதலில் சத்தமாக வைத்துக் கேளுங்கள், உச்சியில் வெட்டு இருந்தால் தெரியும். பிறகு நன்றாகக் குறைத்து, கூட்டமாக வாத்தியங்கள் ஒலிக்கும் பதிவையும், நாதம் கரையும் தனி வீணையையும் கேளுங்கள். இரண்டு சோதனையிலும் தேறிய ஆம்ப்ளிஃபயர் உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமான வாட்ஸும் தந்தால், தயங்காமல் வாங்கலாம். மிச்சக் காசை ஸ்பீக்கருக்கும் நல்ல பதிவுகளுக்கும் ஒதுக்குங்கள்.